1964: நான்கு தேதிகள், ஒரு மலையகம் (விவாத இழை)

#1 மலைமுகடு

ஆண்டுக்கு ஓர் இழை என்று பேசி வருகிறோம். இந்த முறை 1964. நான்கு தேதிகளை முதலில் வைக்கிறேன்.

மே 27, நேரு மறைவு. ஒக்டோபர் 30, இலங்கைத் தோட்டங்களிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரை இரு நாடும் பங்கிட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். டிசெம்பர் 3, இலங்கைப் பிரதமர் சிறிமாவோவின் அரசாங்கம் பாராளுமன்றத்தில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. டிசெம்பர் 22 இரவு, தனுஷ்கோடியை அழித்த புயல்.

இந்த நான்கும் தனித்தனிச் செய்திகளாகத்தான் பாடப் புத்தகங்களில் கிடக்கின்றன. தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) பார்த்தால் நான்கும் ஒரே கயிற்றில் விழுந்த முடிச்சுகள். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். தேதியும் எண்ணும் சரியாக இருக்கட்டும்; சொந்தக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது.

#2 பெரட்டுக்களம்

தொடங்கும்போதே ஒரு தவறைத் திருத்த வேண்டும். "1964 இல் பிரஜாவுரிமை பறிபோனது" என்று மேடையிலும் முகநூலிலும் அடிக்கடி சொல்கிறார்கள். இல்லை. பறிபோனது 1948 இல். அந்த ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. 1949 இன் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டத்தோடு வாக்கும் போனது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை.

இடையில் ஒரு கதவு திறந்தது: 1949 இன் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு; கடைசி நாள் 1951 ஓகஸ்ட் 5. மணமானவர் என்றால் 1946 ஜனவரி 1 க்கு முன் ஏழு ஆண்டும், மணமாகாதவர் என்றால் பத்து ஆண்டும் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்ததைக் காட்ட வேண்டும். அந்தத் "தொடர்ந்து" என்ற சொல்லில்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் விழுந்தன. ஊரில் அம்மாவின் காரியத்துக்குப் போய் மழையிலும் காய்ச்சலிலும் மாட்டி ஓராண்டுக்கு மேல் தங்கியவருக்கு வதிவு அறுந்துவிட்டது. தோட்டம் மாறியவருக்குப் பழைய தோட்டத்துச் செக்ரோல் (வேலையாட்களின் பெயர்ப் பதிவு) கிடைக்கவில்லை. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு.

ஆக 1964 வரும்போது கிட்டத்தட்ட பத்து இலட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சேராதவர்கள். ஒப்பந்தம் பேசியது அவர்களைப் பற்றி. அவர்களோடு பேசவில்லை.

#3 கொழுந்துக்கூடை

பெரட்டுக்களம் அண்ணன் சொன்ன பின்னணிக்கு நன்றி. நேருவின் மறைவை மலைமுகடு ஏன் முதல் தேதியாக வைத்தார்? அவர் இருந்தால் ஒப்பந்தம் வந்திருக்காது என்கிறீர்களா?

#4 பெரட்டுக்களம்

இப்படி ஒரு ஒப்பந்தம் வந்திருக்காது என்று சொல்லலாம், அக்கா. இலங்கையில் தலைமுறையாக வாழ்பவர்கள் இலங்கையின் பொறுப்பு, விரும்பாதவரைக் கட்டாயமாக இந்தியா ஏற்காது என்பதுதான் நேருவின் நிலைப்பாடு. 1954 ஜனவரியில் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையோடு அவர் செய்த ஒப்பந்தத்திலும் "எத்தனை பேர்" என்று இந்தியாவின் தலையில் ஓர் எண் கட்டப்படவில்லை. அந்த ஒப்பந்தம் வேலை செய்யாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாஸ்திரி ஜூன் 9 இல் பிரதமரானார். அதிலிருந்து ஐந்து மாதம் முடியுமுன் ஒக்டோபர் 30 இல் கையெழுத்து. 1962 இல் சீனாவோடு நடந்த போருக்குப் பிறகு அயல்நாடுகளோடு இருந்த பிணக்குகளைத் தீர்த்துக்கொள்ளும் அவசரம் டில்லிக்கு இருந்தது. கொழும்புக்கோ எண் வேண்டும். ஒரு பக்கம் அவசரம், மறு பக்கம் எண், நடுவில் மலையகம்.

#5 ஆவணப்பெட்டி

ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தைச் சொல்கிறேன், பலர் அதைப் படிக்காமலே பேசுகிறார்கள். வடிவத்தில் அது இரு பிரதமர்களுக்கிடையே நடந்த கடிதப் பரிமாற்றம்.

மொத்தம் 975,000 பேர் என்று கொண்டார்கள். கள்ளத்தனமாக வந்தவர்களும் ஏற்கெனவே இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களும் இந்தக் கணக்கில் இல்லை. 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். மிச்சம் 150,000 பேரின் கதி பிறகு பேசப்படும். 525 க்கு 300 என்பது ஏழுக்கு நாலு. ஒப்பந்த நாளுக்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளும் இதே விகிதத்தில் இரு பக்கமும் சேர்வார்கள். காலம் பதினைந்து ஆண்டு, முடிந்தவரை சமமாகப் பிரித்து. இரண்டு தனி இடாப்புகள் தயாராக வேண்டும்.

கவனிக்கத் தவறும் மூன்று சங்கதிகள் இவை.

ஒன்று, வேலை. ஒப்பந்த நாளில் தொழிலில் இருந்தவர் புறப்படும் நாள் வரை அல்லது 55 வயது வரை, எது முந்தியதோ அதுவரை வேலை செய்யலாம். இதன் விளைவைப் பாருங்கள். இந்தியப் பிரஜையாகிவிட்டவருக்கு 55 முடிந்துவிட்டது, பயணத்துக்கு முறை வரவில்லை என்றால் பெயர் செக்ரோலில் இல்லை. லயத்து அறையோ வேலையோடு ஒட்டியது.

இரண்டு, சொத்து. சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்படத் தம் சொத்தைக் கொண்டுபோகலாம், ஆனால் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு. ஒரு குடும்பம் கொண்டுபோகும் உச்சவரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கமாட்டோம் என்று இலங்கை ஒத்துக்கொண்டது. இதைப் "போகிறவர்களுக்கு 4,000 ரூபா கொடுத்தார்கள்" என்று சிலர் எழுதுகிறார்கள். கொடுத்ததல்ல, உழைத்துச் சேர்த்த காசு, அதுவும் இருந்தால்.

மூன்று, விசா. புறப்படும் வரை இங்கே தங்க இலவச விசா. பிறந்து வளர்ந்த மலையில் இருக்க விசா என்பதே அந்தத் தலைமுறைக்குப் புதிய சொல்.

#6 ஊவா வாசகி

ஆவணப்பெட்டி ஐயா தந்த எண்களைப் பெருக்கி வகுத்தாலே அது எங்கே உடையும் என்று தெரிந்துவிடும்.

525,000 ஐப் பதினைந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 35,000. கிழமைக்கு 673 பேர், ஒரு கிழமை தவறாமல், பதினைந்து ஆண்டு. அத்தனை பேருக்கும் கடவுச்சீட்டு, கணக்குத் தீர்ப்பு, கோச்சி (ரயில்), கப்பல், மறுகரையில் முகாம், பிறகு வேலை. இதில் ஒரு கண்ணி தாமதித்தாலும் பின்னால் நிற்பவர் எல்லோரும் தேங்குவார்கள். தேங்கும்போது பிள்ளைகள் பிறக்கும், எண் ஏறும். இந்தக் கணக்கு நிற்கும் இடத்தில் நிற்காது.

அடுத்தது விருப்பம். விண்ணப்பம் ஏற்பது 1970 ஏப்ரல் 30 இல் முடிந்தபோது இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் ஏறத்தாழ 700,000. இந்தியா கேட்டவர்கள் ஏறத்தாழ 400,000. ஒப்பந்தம் சொன்னதோ 300,000 உம் 525,000 உம். அதாவது இலங்கைப் பக்கம் இடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆள். இந்தியப் பக்கம் 125,000 இடம் காலி. மக்கள் எங்கே வாழ விரும்பினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்கெடுப்பு வேண்டுமா? கையெழுத்தாகி மூன்று ஆண்டுக்கும் மேல் கழித்துத்தான் அவர்களிடம் கேட்டார்கள். கேட்டபோது விடையை முன்னமே எழுதி வைத்திருந்தார்கள்.

#7 மலைமுகடு

ஆண்டுகள் கழித்து என்று சொன்னது முக்கியம். கையெழுத்தான மறுநாளே கோச்சி புறப்பட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967 இல்தான் வந்தது, 14 ஆம் இலக்கம். அதுவரை ஏன் இழுத்தது என்பதற்கு டிசெம்பர் 3 ஐப் பார்க்க வேண்டும். பெரட்டுக்களம் அண்ணே, அதை நீங்கள் எழுதுங்கள்.

#8 பெரட்டுக்களம்

1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி அரசாங்கத்தில் சேர்ந்தது. என். எம். பெரேரா நிதியமைச்சர். 1948 சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்துப் பேசிய கட்சி அது. தோட்டங்களில் அதற்குச் சங்கமும் இருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்தக் கட்சி அமைச்சரவைக்குள் இருந்தது. மலையகத்தில் இடதுசாரிகள் மேல் இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டதற்கு இந்த ஆண்டைத்தான் நான் காட்டுவேன்.

லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தைக் கையேற்கும் மசோதா சிறிமாவோவின் சுதந்திரக் கட்சிக்குள் பிளவைக் கொண்டுவந்தது. டிசெம்பர் 3 இல் சிம்மாசனப் பிரசங்க (அரசாங்கக் கொள்கை உரை) வாக்கெடுப்பில் மூத்த அமைச்சர் சி. பி. டி சில்வாவும் அவரோடு பதின்மூன்று பேரும் எதிரணிக்குப் போனார்கள். சமசமாஜத்திலிருந்து பிரிந்து நின்ற எட்மண்ட் சமரக்கொடியும் மெரில் பெர்னாண்டோவும் எதிர்த்து வாக்களித்தார்கள். 74 க்கு 73. அரசாங்கம் விழுந்தது.

1965 மார்ச்சில் தேர்தல், டட்லி சேனநாயக்க பிரதமர், தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அவர் பக்கம். ஒப்பந்தத்தின்படி பிரஜையாகிறவர்களைத் தனி வாக்காளர் இடாப்பில் போடுவது என்ற சிறிமாவோவின் யோசனையைத் தொண்டமான் கடுமையாக எதிர்த்திருந்தார். ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. அந்த ஒரு வாக்கு மலையகத்துக்குச் செய்த நன்மை அதுதான். தனி இடாப்பு வந்திருந்தால் பிரஜாவுரிமை கிடைத்த பிறகும் ஒதுக்கி வைத்த பிரஜைகளாகவே இருந்திருப்போம்.

#9 ஊவா வாசகி

இதோடு ஒரு சங்கதியைச் சேர்க்க வேண்டும். 1967 சட்டத்தில் இந்தியா ஒருவருக்குப் பிரஜாவுரிமை கொடுத்தாலே ஏழுக்கு நாலு கணக்கில் இலங்கையும் கொடுக்கலாம் என்று இருந்தது. சிறிமாவோ 1970 இல் திரும்ப வந்தபின் 1971 இல் அதைத் திருத்தினார்கள்: ஏழு பேர் உடலோடு கப்பலேறினால்தான் இங்கே நாலு பேருக்குப் பத்திரம். அதன் பிறகு ஒரு லயத்தில் ஒருவர் புறப்படுவதும் பக்கத்து லயத்தில் ஒருவருக்கு உரிமை வருவதும் ஒரே கணக்காகிவிட்டது. அயலவரை அயலவரோடு கட்டிய மோசமான முடிச்சு அது.

#10 பதுளைக் கோச்சி

டிசெம்பர் 22 பற்றி யாரும் இன்னும் வரவில்லை, எழுதுகிறேன்.

ஒப்பந்தம் 525,000 பேரை அனுப்புவது பற்றி. அனுப்ப இருந்த வழி எது? 1914 இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறந்த நாள் முதல் முக்கிய வழி இதுதான்: தலைமன்னார் துறையிலிருந்து தனுஷ்கோடித் துறைக்குக் கப்பல், இடையே முப்பது கிலோமீற்றர் அளவு கடல், இறங்கினால் சென்னைக்குப் போட் மெயில் ரயில். ஒப்பந்தம் கையெழுத்தாகி 53 நாளில் அந்த மறுகரை இல்லாமல் போனது.

புயல் வவுனியாவைக் கடந்து மன்னார்ப் பக்கம் சேதம் செய்துகொண்டே பாக்கு நீரிணைக்குள் இறங்கியது. 22 ஆம் தேதி இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653 ஆம் இலக்கப் பயணிகள் ரயில், நிலையத்துக்குக் கிட்ட வந்தபோது அலையில் அடிபட்டது. அதில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். துறை, ரயில் நிலையம், சுங்கம், தபால் நிலையம் எல்லாம் போய்விட்டன. ஊர் வாழத் தகுதியற்றது என்று சென்னை அரசாங்கம் அறிவித்தது. பாம்பன் பாலத்தை ரயில்வேப் பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் செப்பனிட்டார்கள். தனுஷ்கோடிக்குப் பாதை திரும்ப வரவில்லை. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. தாயகம் திரும்பியவர்கள் ஏறிய ராமானுஜம் கப்பல் போய்ச் சேர்ந்தது அங்கேதான்.

அதனால் பழைய காகிதங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தனுஷ்கோடி முத்திரை இருந்தால் அது 1964 புயலுக்கு முந்திய போக்குவரத்து. ஒப்பந்தப் பயணம் அல்ல. ஒப்பந்தத்தில் போனவர்களின் தாளில் தலைமன்னாரும் இராமேஸ்வரமும், அதற்கடுத்து மண்டபம் முகாமும் வரும்.

இங்கிருந்து போன பாதை இது: ஹட்டனில் ஏறினால் நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை, கடுகண்ணாவ இறக்கம், பொல்காவலை. அங்கிருந்து வடக்கே திரும்பி குருநாகல், மாகோ, அநுராதபுரம், மதவாச்சி. மதவாச்சியில் பிரிந்து மடு வழியாக மன்னார், தலைமன்னார் துறை. 1984 இல் கப்பல் நின்றது. 1990 இல் அந்த ரயில் பாதையும் நின்று 2015 இல்தான் துறை வரை மீண்டும் திறந்தார்கள்.

#11 கொழுந்துக்கூடை

மிக நல்ல விளக்கம். இப்போது நடைமுறைக் கேள்வி. தோட்டங்களில் பல வீடுகளில் தகரப்பெட்டிக்குள் கட்டுக் காகிதம் இருக்கிறது. எது எந்தச் சட்டத்துக்கு உரியது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. எப்படிப் பிரிப்பது?

#12 ஆவணப்பெட்டி

தேதியை வைத்தே முக்கால்வாசி பிரித்துவிடலாம்.

1949 ஓகஸ்ட் 5 முதல் 1951 ஓகஸ்ட் 5 வரை தேதியிட்ட விண்ணப்பம் என்றால் அது இந்திய பாகிஸ்தானியச் சட்டம். அதற்கான விசாரணை அழைப்பும் நிராகரிப்புக் கடிதமும் பல ஆண்டு தள்ளி, 1950 களின் கடைசியிலும் இருக்கலாம். 1968 முதல் 1970 ஏப்ரல் 30 வரை என்றால் ஒப்பந்த விண்ணப்பம். இதில் இரண்டு வகை. இலங்கை ஆணையாளருக்குப் போனது ஒன்று. கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்துக்குப் போனது இன்னொன்று. இரண்டையும் கலக்காதீர்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒன்றிலும் தம்பி மற்றதிலும் இருப்பது சாதாரணம். வயது வந்த பிள்ளைகள் தனியாக விண்ணப்பித்தார்கள், குடும்பங்கள் பிரிந்தது அங்கேதான்.

1986 தேதி என்றால் அந்த ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம். 1988 க்குப் பிறகு ஒரு சத்தியக்கடதாசி மட்டும் இருந்தால் 39 ஆம் இலக்கச் சட்டம். இந்தியக் கடவுச்சீட்டு, உள்ளே இலங்கை வதிவு விசா, அதோடு வெளியேறும் அறிவித்தல் என்றால் இந்தியப் பிரஜையாகி, புறப்பட முடியாமல் நின்றவர்.

அதிகம் சிக்கல் தருவது பெயர். செக்ரோலில் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதியது ஒன்று, பிறப்புப் பதிவில் வேறு, சேமலாப நிதியில் வேறு. ஆங்கில எழுத்தில் ஓர் எழுத்து கூடும், ஒன்று குறையும். தகப்பன் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும் அல்லது தகப்பன் பெயரே ஆளின் பெயராகியிருக்கும். ஆகவே பெயரை மட்டும் வைத்து "இது எங்கள் தாத்தா இல்லை" என்று ஒதுக்காதீர்கள். தோட்டம், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), மனைவி பெயர், பிள்ளைகளின் வரிசை நாலும் பொருந்துகிறதா என்று பாருங்கள். மூன்று பொருந்தினால் கோப்பு இலக்கத்தைப் பிடியுங்கள். தோட்டத்துக்கும் இரண்டு பெயர் உண்டு: நாம் கூப்பிடுவது ஒன்று, காகிதத்தில் இருக்கும் ஆங்கிலப் பெயர் ஒன்று. இரண்டையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

வயதும் நம்ப முடியாதது. பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு ஊகித்து எழுதினார்கள். அதனால்தான் 5 இலும் 10 இலும் முடியும் வயதுகள் அதிகம்.

பேணுவது பற்றி: லெமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் பழைய மையைக் கெடுக்கும், திரும்ப எடுக்கவும் முடியாது. செலோடேப் ஒட்டினால் சில ஆண்டில் மஞ்சளாகி எழுத்தையே தின்னும். மடிப்பை மெதுவாக விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல், இரு பக்கமும் படமெடுங்கள். பின்பக்கத்து முத்திரையில்தான் பெரும்பாலும் தேதி இருக்கும். நம் ஊர் ஈரத்துக்குத் தகரப்பெட்டி தரையிலோ சுவரை ஒட்டியோ இருக்கக்கூடாது. ஒவ்வொரு தாளையும் தனி வெள்ளைத் தாளில் சுற்றி, உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும்.

#13 ஊவா வாசகி

எண்களின் முடிவையும் பதிவு செய்கிறேன், ஏனென்றால் "525,000 பேரை அனுப்பினார்கள்" என்பதும் தவறு.

மிச்சமிருந்த 150,000 பேரை 1974 இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள், 75,000 வீதம். அதனால் இந்தியாவின் பங்கு 600,000, இலங்கையின் பங்கு 375,000. இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்களோ 506,000 பேர்தான். கப்பல் நின்றபோது போய்ச் சேர்ந்திருந்தவர்கள் ஏறத்தாழ 337,000. பிறகு பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தால் 460,000 அளவில். 600,000 இலிருந்து 506,000 ஐக் கழித்தால் வரும் 94,000 பேரைத்தான் 1986 சட்டத்தில் இலங்கை ஏற்றுக்கொண்டது.

போனவர்களுக்கு மறுகரையில் வேலை எங்கே என்றால், நீலகிரியில் தமிழ்நாடு அரசு 1968 முதல் தேயிலை நட்டு வேலை கொடுத்தது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இன்றும் கண்டி மலையகத்திலிருந்து போனவர்களின் கொழுந்து பறிக்கும் கை இருக்கிறது. எல்லோருக்கும் தேயிலை கிடைக்கவில்லை. தெரியாத தொழிலுக்குக் கடன் கொடுத்துக் கடை வைக்கச் சொன்ன குடும்பங்கள்தான் அதிகம் நொடித்தன.

#14 கொழுந்துக்கூடை

"தாயகம் திரும்பியோர்" என்ற சொல்லை நாமும் எழுதுகிறோமே. இங்கே பிறந்தவர், தாயும் தகப்பனும் இங்கே பிறந்தவர், எதற்குத் திரும்பினார்? அரசாங்கத் தாளில் அப்படி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுவோம். நம் வாக்கியத்தில் "அனுப்பப்பட்டவர்கள்" என்றே எழுதுவோம்.

#15 பதுளைக் கோச்சி

ஒத்துக்கொள்கிறேன் அக்கா. மேலே நானே அந்தச் சொல்லைப் பாவித்துவிட்டேன். "அனுப்பப்பட்டவர்கள்" என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

#16 ஆவணப்பெட்டி

கடைசியாக, 1964 இன்னும் சட்டத்தில் உயிரோடு இருக்கும் இடம். 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம், யாருக்கு உரிமை என்று சொல்லும்போது ஒரே ஒரு நாளைத்தான் கேட்கிறது: 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிப்பவரா, அல்லது அப்படி வசித்தவரின் வழித்தோன்றலா? 1946 க்கு முன் ஏழு ஆண்டு கேட்ட சட்டத்தில் தோற்றவரின் பேரப்பிள்ளைக்கு இந்த ஒரு நாள் போதும். எண்பதுகளில் அகதியாக இந்தியாவுக்குப் போனவர்கள் தொடர்ந்து வசிக்காததால் விடுபட்டார்கள். அவர்களுக்காக 2009 இல் திருத்தம் வந்தது.

ஆகவே பெட்டியைப் பிரிக்கும்போது முதலில் தேட வேண்டியது பெரிய சான்றிதழை அல்ல. 1964 ஐச் சுற்றிய சின்னத் தாள்கள்: அந்த ஆண்டுச் சம்பளத் துண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு, தோட்டப் பாடசாலை இடாப்பின் பிரதி, கோயில் திருவிழாவுக்குச் சம்பளத்தில் பிடித்த கணக்கு. ஒக்டோபர் 30 க்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று கிடைத்தால் இரண்டையும் ஒரே உறையில் போட்டு, மேலே ஆளின் பெயரையும் டிவிசனையும் எழுதி வையுங்கள்.